பாட்டுக்கு ஊற்றிய தண்ணீர்

தஞ்சாவூருக்குக் கண் காட்டப் போன பஸ்ஸில், பக்கத்தில் உட்கார்ந்திருந்த காலேஜ் பெண் செல்போனில் ஒரு பாட்டு வைத்தாள். கிடார் மெல்ல ஆரம்பித்தது. அதற்கடியில் தண்ணீர் ஓடுகிற சத்தம், பெண்களின் குலவை. பிறகு தூரத்திலிருந்து ஓர் ஆண்குரல், மூச்சு வாங்க: "வந்துருச்சா? ஏய்... தண்ணி வந்துருச்சா?"

அந்த இடத்தில் அவள் தானாகச் சிரித்துக்கொண்டாள். "செமயா இருக்குல்ல பாட்டி?" என்றாள். தலையை ஆட்டினேன். அது என் வீட்டுக்காரர் குரல் என்று சொல்ல வாய் வரை வந்தது. அறியாதவர்களிடம் பேசிப் பழக்கமில்லை. அவள் பாதி வழியில் இறங்கிவிட்டாள்.

உங்களிடம் சொல்லலாம். எழுதுவதென்றால் எனக்கு அவ்வளவு கூச்சமில்லை. நீங்கள் என் முகத்தைப் பார்க்கப் போவதில்லை.

பாடியவன் செல்வம், என் நாத்தனார் மகன். சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. சினிமாவுக்கெல்லாம் போகாமல் தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு ஓர் ஆல்பம் வெளியிட்டான். எல்லாப் பாட்டும் எங்கள் ஊரைப் பற்றித்தான். கேட்டால் தாலாட்டாகவும் இல்லை, ஒப்பாரியாகவும் இல்லை. "புரிஞ்சுதா அத்தை?" என்றான். "கொரலு நல்லாருக்கு தம்பி" என்றேன். வேறென்ன சொல்ல, ஐந்தாவது படித்தவள்?

சின்ன வயதில் அவனுக்குப் புதுத்தண்ணீர் என்றால் பைத்தியம். நாங்கள் கடைமடை, இன்னும் கொஞ்சம் தெற்கே போனால் கோடியக்கரை உப்பளம் வந்துவிடும். மேட்டூரில் திறந்த தண்ணீரை வழியிலுள்ள வயல்களெல்லாம் குடித்த பிறகு மிச்சம்தான் எங்களுக்கு. சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு சாரைப்பாம்பு போல நிதானமாக வரும். வெடித்த மண்ணில் அது இறங்கும்போது ஒரு வாசம் வருமே, வறுத்த புழுங்கலரிசியில் தண்ணீர் தெளித்தாற்போல! செல்வம் அதன் முனையைப் பார்த்தபடியே பின்பக்கமாக நடந்து வருவான். வாய்க்காலில் விழுந்தும் இருக்கிறான். பெண்களெல்லாம் பூவும் நெல்லும் தூவிக் குலவையிடுவோம். குலவைக்கு மட்டும் எனக்கு வெட்கம் கிடையாது. அத்தனை வாய்க்கு நடுவில் என் வாய் யாருக்குத் தெரியும்?

அந்தச் சத்தத்தைப் பிடிக்கத்தான் ஆல்பம் செய்த வருடம் மைக்கோடு வந்தான். புரட்டாசி பாதி போயிருந்தது. ஒரு தூறலை நம்பி விதைத்த சம்பா முளைத்து, நுனி கருகிக்கொண்டிருந்தது. எங்களுடையது குத்தகை நிலம். போன வருடமும் விளைச்சல் இல்லை. இதுவும் போனால் நிலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதான் என்று வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். விடிந்ததும் மண்வெட்டியோடு போய் வரப்பில் உட்கார்ந்துகொள்வார். கேட்டால், "மேல மொறை வச்சு வுடுறாங்களாம்" என்பார்.

செல்வத்துக்கு லீவு முடிகிற நாளும் வந்தது. தண்ணீர் வரவில்லை.

"அத்தை, கொடத்துல கொண்டாந்து வாய்க்கால்ல ஊத்துனா அதே சத்தம் வரும்ல?"

பக்கத்து வீட்டு பாக்கியம் விழுந்து விழுந்து சிரித்தாள். "கொழாத்தண்ணிக்குக் காவேரி வேசமா? இருப்பா, பவுடரு போட்டு அனுப்புறேன்!"

ஆளுக்கொரு குடம் தூக்கிப் போய்ச் சரித்து ஊற்றினோம். செல்வம் மண்டியிட்டு மைக்கை நீட்டினான். குலவையும் வேண்டுமென்றான். போட்டோம். நன்றாகவே போட்டோம்.

கடைமடைக்காரர்கள் தண்ணீரைப் பார்த்துவிட்டு மடை திறக்க மாட்டார்கள். குலவை கேட்டதுமே வெட்டிவிடுவார்கள். பார்த்துவிட்டு வெட்டலாமென்றால் அதற்குள் எங்களுக்குத் தண்ணீர் விடும் முறை முடிந்துபோகும். அவரும் வயல் மடையை வெட்டிவிட்டுத்தான் ஓடி வந்தார், "வந்துருச்சா?" என்று கத்திக்கொண்டு. வந்து பார்த்தால் ஈரமண்ணும் காலிக்குடங்களும். ஊற்றியதை வெடிப்பு உறிஞ்சியிருந்தது. பாக்கியம் குடத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

"மாமா... பாட்டுக்காக..." என்றான் செல்வம்.

அவர் மூச்சிரைப்பு தணியும் வரை நின்றார். "அப்புடியா மாப்ள. நல்லா வந்துச்சா?"

"வந்துச்சு மாமா."

"வந்தா சரி."

திரும்பிப் போய், வெட்டிய மடையை மண் போட்டு அடைத்தார். அடைப்பதற்கு அங்கே என்ன ஓடியது?

பிறகு செல்வம் பாட்டை அனுப்பிவிட்டு போனில் கேட்டான், "மாமா கொரல எடுத்துடவா அத்தை?" பாட்டை அவருக்குப் போட்டுக் காட்டினேன். யாரோ ஓர் ஆளைப் பற்றிச் சொல்வதுபோல, "எம்மாம் ஆசையா கேக்குறான் பாரு" என்றார். எடுக்கவும் சொல்லவில்லை, வைக்கவும் சொல்லவில்லை.

பயிர் வைக்கோலான பிறகு தண்ணீர் வந்தது. யாரும் பூ கொண்டு போகவில்லை. தை பிறந்ததும் நிலத்தைத் திருப்பிக் கொடுத்தார். அதன்பின் அவர் அதிக காலம் இருக்கவில்லை. வீட்டில் சும்மா உட்காரத் தெரியாத மனிதர்.

நிலத்துக்காரர் அதை இறால் குட்டைக்காரர்களுக்கு விட்டுவிட்டார். சுற்றுப்பட்ட வயல்களும் ஒவ்வொன்றாக அப்படியே போயின. போன மாதம் அந்தப் பக்கம் போனேன். எது எங்கள் வரப்பு என்று தெரியவில்லை. வருடம் முழுக்கத் தண்ணீர் நிறைந்து நிற்கிறது. உப்புத் தண்ணீர்.