சர்ப்ளஸில் வந்த ஹெட்செட்

கடைக்காரர் சொன்ன விலைக்கு அப்பா ஒரு பொருளை வாங்கி நான் பார்த்ததில்லை. திருப்பூர் பெருமாநல்லூர் ரோட்டில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் அவர் பர்ச்சேஸ் மேனேஜர். நூல், பட்டன், ஜிப், அட்டைப்பெட்டி என்று கம்பெனிக்குள் வரும் எல்லாவற்றையும் அடித்துப் பேசி வாங்குவது அவர் வேலை. சாயங்காலம் கம்பெனி கேட்டைத் தாண்டினாலும் அந்த வேலை நிற்பதில்லை. அம்மாவுக்கு ஸ்கேன் எடுக்கப் போன இடத்தில், "ரெண்டு ஸ்கேனாப் போட்டா எவ்வளவுங்க?" என்று கேட்டவர்.

நான் விமானம் ஓட்டப் படிக்கப் போகிறேன் என்றதும் சொந்தக்காரர்கள் ஆளாளுக்கு ஒரு கவலை சொன்னார்கள். யார் கட்டிக்குவாங்க என்றார் ஒருவர். விழுந்தால் என்ன பண்ணுவே என்றார் இன்னொருவர். அப்பா கவலைப்படவில்லை. வெளி மாநிலத்தில் இருந்த பயிற்சிப் பள்ளிக்கு போன் போட்டு, இருநூறு மணி நேரம் பறப்பதை மொத்தமாக எடுக்கிறோமே, ரேட்டைக் கொஞ்சம் பார்த்துப் போடக் கூடாதா என்று தன் ஆங்கிலத்தில் கேட்டார். அந்த ஆங்கிலம் மறுமுனையில் இருந்த பெண்ணுக்குப் புரியவில்லை. அவள் சொன்ன இந்தி இவருக்குப் புரியவில்லை. குடும்ப மானம் தப்பியது.

ஃபீஸில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. தாராபுரம் பக்கம் விவசாயம் பார்த்த எங்கள் காட்டை பாங்கில் அடமானம் வைத்துக் கடன் வாங்கினார். பேசியும் குறையாத ஒரு தொகையைக் கட்டியது அவர் வாழ்க்கையில் அதுவே முதல் தடவை என்று நினைக்கிறேன். அந்தத் தோல்வி அவருக்குள் இருந்துகொண்டே இருந்தது. ஈடுகட்ட ஒரு பொருள் வேண்டியிருந்தது. ஹெட்செட் வந்து மாட்டியது.

சின்னப் பயிற்சி விமானத்தில் எஞ்சின் கால்மாட்டுக்கு அந்தப் பக்கம்தான் இருக்கும். பக்கத்தில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் கத்தினாலும் கேட்காது. அதனால் காதை இறுக்கி மூடும் ஹெட்செட்டைப் போட்டுக்கொள்ள வேண்டும். உதட்டருகே நீண்டிருக்கும் மைக் வழியாகத்தான் ஆசிரியரோடும் கன்ட்ரோல் டவரோடும் பேச முடியும். என்ன வாங்க வேண்டும் என்று பள்ளியில் இருந்து நாலு வரி மெயில் வந்தது. இரண்டு பிளக் உள்ளதாக இருக்க வேண்டும். காதில் சரியாகப் பொருந்த வேண்டும். மைக்கைச் சோதித்து வாங்கவும். சத்தத்தை மின்சாரத்தால் குறைக்கும் விலை உயர்ந்த ரகம் தேவையில்லை, சாதாரணமே போதும்.

அப்பா சத்தமாகப் படித்தார். 'சாதாரணமே போதும்' என்ற இடத்தில் அவர் முகம் தெளிந்தது. மீதி மூன்று வரியும் அவரைப் பொறுத்தவரை எழுதப்படவே இல்லை.

குடும்ப வாட்ஸாப் குரூப்பில் யோசனைகள் வந்தன. வீடியோ கேம் விளையாடும் பையன்கள் போடுகிற, கலர் கலராக விளக்கு எரியும் ஹெட்போன் ஒன்றை ஒருவர் அனுப்பினார். புளூடூத் போதாதா, ஒயர் எதற்கு என்று ஒரு சித்தி கேட்டார். கடைசியில் மாமா வந்தார். அம்மாவின் தம்பி. ஏற்றுமதி ஆர்டருக்குத் தைத்து மிஞ்சும் பனியன்களைச் சர்ப்ளஸ் என்று குறைந்த விலைக்கு வாங்கி விற்பவர். அதே துணி, அதே தையல், லேபிள் மட்டும் வெட்டியிருக்கும். திருப்பூரில் பிறந்தவனுக்கு உலகத்தில் எல்லாப் பொருளுக்கும் ஒரு சர்ப்ளஸ் உண்டு என்ற நம்பிக்கை ரத்தத்திலேயே இருக்கும்.

"மச்சான், மும்பைல நம்ம பார்ட்டி ஒருத்தர் இருக்காருங்க. பழைய மிலிட்டரிச் சாமான் எடுத்து விக்கறாரு. ஒரிஜினலுங்க. பட்டாளத்துல போடறதைவிட உசத்தி எங்கீங்க இருக்குது?"

அப்பா மும்பைக்காரரிடம் மூன்று நாள் பேசினார். கடைவிலையில் பாதிக்கும் கீழே இறக்கினார். ஒரு வாரத்தில் பார்சல் வந்தது. பாசிப் பச்சை நிறம், கையில் எடுத்தால் ஒரு படி அரிசி கனம். ஒயரின் நுனியில் ஒரே ஒரு பிளக்.

"ரெண்டு பிளக்குன்னு போட்டிருந்தாங்களேப்பா?"

"ரெண்டு இருந்தா ரெண்டுல ஒண்ணு ரிப்பேராகும் கண்ணு. இது ஒண்ணே ஒண்ணு. எவ்வளவு பலமா இருக்குது பாரு."

காட்டை அடமானம் வைத்தவரிடம் பிளக்கைப் பற்றிச் சண்டை போட எனக்கு வாய் வரவில்லை. பள்ளிக்கு ஒரு போட்டோ அனுப்பிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

பொருளைச் சோதிக்காமல் அப்பா எதையும் உள்ளே விடமாட்டார். அம்மாவையும் என்னையும் அழைத்துக்கொண்டு பனியன் துணி பின்னும் தன் நண்பரின் நிட்டிங் யூனிட்டுக்குப் போனார். வட்டமான நிட்டிங் மெஷின்கள் வரிசையாக இரைந்து ஓடிக்கொண்டிருந்தன. நடுவில் நின்று ஹெட்செட்டை மாட்டினார். அவர் முகத்தில் அப்படி ஒரு அமைதியை நான் அதுவரை கண்டதில்லை. நண்பர் எதிரில் நின்று கூப்பிட்டார். கை தட்டினார். மெஷின் ஓட்டும் பீகார் பையன்கள் இரண்டு பேர் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

"ஒண்ணுமே கேக்கலீங்க" என்று அப்பா கத்தினார். "சுத்தமாக் கேக்கலீங்க."

"ஏனுங்க," என்றார் அம்மா, "இதுல அடுத்தவீங்க பேசறது கேக்கோணுமல்லங்க? இவ பேசறதும் அவீங்களுக்குக் கேக்கோணுமல்ல?"

ஹெட்செட் மாட்டியிருந்ததால் அப்பாவுக்கு அது கேட்கவில்லை. மாட்டாவிட்டாலும் கேட்டிருக்காது என்பது வேறு விஷயம்.

பள்ளியில் என் ஆசிரியர் விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்றவர். என் ஹெட்செட்டைக் கையில் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். இளைஞனாக இருந்தபோது இதைப் பார்த்தது, எந்த மியூசியத்தில் கிடைத்தது என்று இந்தி கலந்த ஆங்கிலத்தில் கேட்டார். ஒற்றைப் பிளக் ஹெலிகாப்டருக்கானது, நம் விமானத்தில் இரண்டு துளைகள் என்றார். கூட நின்றவர்கள் சிரித்தார்கள். அதிகம் சிரித்தவன், ஒரு புல்லட் பைக் விலைக்கு ஹெட்செட் வாங்கி வந்திருந்தவன். அவன் ஹெட்செட்டில் எஞ்சின் சத்தம் துளிகூட வராதாம். அவன் விமானத்தை இறக்கும் சத்தம் மட்டும் எங்கள் வகுப்பறை வரை வந்தது.

வீட்டுக்கு போன் போட்டேன். அப்பா ஒரு நொடிகூடக் கலங்கவில்லை. "அதுக்கு ஒரு அடாப்டர் இருக்குமல்ல கண்ணு?"

இருந்தது. வந்து சேரப் பதினைந்து நாள் ஆனது. அதுவரை பள்ளியின் பொது ஹெட்செட்டில் பறந்தேன். காது மெத்தை வெடித்து அப்பளம் மாதிரி காய்ந்திருந்தது. மைக்கின் நுரை உறையில், எனக்கு முன்னால் பறந்தவர்கள் காலையில் என்ன சாப்பிட்டார்கள் என்பது தெரிந்தது. ஒரு நாள் ஆசிரியர் வலப்பக்கம் திரும்பு என்றார். இரைச்சலில் எனக்கு இடப்பக்கம் என்று கேட்டது. திருப்பினேன். அவர் கட்டுப்பாட்டை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார். அந்தப் பாடத்தை மறுபடி பறக்கச் சொன்னார்கள். அந்த ஒரு மணி நேரக் கட்டணத்தோடு, அப்பா மும்பைக்காரரிடம் மூன்று நாள் பேசி மிச்சம் பிடித்தது போய்விட்டது. இதை நான் அவரிடம் சொல்லவில்லை.

அடாப்டர் வந்தது. இரண்டு பிளக்கும் துளைகளில் கச்சிதமாக உட்கார்ந்தன. எஞ்சினை ஓட விட்டதும் ஆசிரியர் குரல் தெளிவாகக் கேட்டது. நான் பேசுவது கேட்கிறதா என்றார். கேட்கிறது சார் என்றேன். மறுபடி அதையே கேட்டார். மறுபடி சொன்னேன். என் பக்கம் திரும்பி வாயைப் பார்த்தார். எஞ்சினை நிறுத்திவிட்டார்.

பழைய ராணுவ மைக் வேறு வகை ரேடியோவுக்காகச் செய்தது, இந்த விமானத்தில் அது ஊமை என்று பள்ளி மெக்கானிக் விளக்கினார். "காதை மட்டும் கொண்டு வந்திருக்கிறாய். நாளைக்கு வாயையும் எடுத்துக்கொண்டு வா" என்றார் ஆசிரியர்.

அன்று சாயங்காலம் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பிளக் ஏன் இரண்டு, மைக் ஏன் பேசாது, மெயிலில் என்ன இருந்தது என்று வரி வரியாக. அவர் உம் கொட்டவே இல்லை. முடித்ததும், "மும்பைக்காரனை ஒரு பிடி பிடிக்கறேன்" என்று வைத்துவிட்டார். சர்ப்ளஸ் சரக்கைத் திருப்பி எடுப்பதில்லை என்று மும்பைக்காரர் சொல்லிவிட்டார். நியாயமான வியாபாரி என்று அவரைப் பற்றி அப்பா மாமாவிடம் பிறகு சொன்னாராம்.

விடுதியில், படிப்பை முடித்து ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்த சீனியர் அக்கா ஒருத்தி தன் ஹெட்செட்டை விற்கப் போவதாகச் சொன்னாள். சாதாரண ரகம். பெரிய கம்பெனிப் பெயர் இல்லை. "முதலில் போட்டுக்கொண்டு ஒரு தடவை பற. பிடித்தால் வாங்கு" என்றாள். பிறகு என் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தாள். அதன் கம்பி தடிமனாக இருந்ததால் காது மெத்தைக்கும் தலைக்கும் நடுவே சந்து விழுகிறது, அந்தச் சந்து வழியாகத்தான் சத்தம் வருகிறது என்றாள். பஜாரில் மெல்லிய கம்பி போட்ட கண்ணாடி வாங்கினேன். இந்தப் படிப்பில் நான் செலவழித்ததிலேயே உருப்படியான செலவு அது.

அந்த ஹெட்செட்டோடு பறந்த காலை நன்றாக நினைவிருக்கிறது. மைக்கை உதடு தொடும் அளவுக்கு இழுத்து வைத்துக்கொண்டேன். டவரைக் கூப்பிட்டேன். என் குரல் என் காதிலேயே கேட்டது. நான் நினைத்திருந்ததைவிட மெல்லிய குரல். டவரில் இருந்து உடனே பதில் வந்தது. சொன்னதை நான் திருப்பிச் சொன்னேன். ஆசிரியர் ஜன்னல் பக்கம் திரும்பி வெளியே பார்த்தார். அவரிடம் அதுதான் பாராட்டு.

அதற்கான பணத்தை அப்பாவுக்குத் தெரியாமல் அம்மா அனுப்பினார். "இது பேசுமா கண்ணு?" என்று மட்டும் கேட்டார். பேசுமுங்கம்மா என்றேன். காது மெத்தையை மட்டும் புதிதாக மாற்றிக்கொண்டேன். அப்பாவுக்கு விஷயம் தெரிந்தபோது போனில் விலை என்ன என்று கேட்டார். கண்ணாடிக் கம்பி, போட்டுப் பறந்து பார்த்தது எல்லாவற்றையும் சொல்லிவிட்டு விலையையும் சொன்னேன். "இன்னுங் கொஞ்சம் அடிச்சிருக்கலாம்" என்றார்.

இப்போது லைசென்ஸ் வாங்கிவிட்டேன். வேலைக்கு விண்ணப்பம் போட்டுக் காத்திருக்கிறேன். போன மாதம் ஊத்துக்குளியில் ஒரு கல்யாணம். பந்தியில் அப்பாவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர், தன் மகனும் விமானம் ஓட்டப் படிக்கப் போவதாகவும், ஹெட்செட் எதை வாங்குவது என்று தெரியவில்லை என்றும் சொன்னார். அப்பா கையில் இருந்த சோற்றை இலையில் வைத்தார்.

"மொதல்ல ரெண்டு பிளக் இருக்கோணுமுங்க. ஒத்தப் பிளக் ஹெலிகாப்டருக்குங்க, ஏமாந்துராதீங்க. மிலிட்டரிச் சாமான் பக்கமே போகாதீங்க, மைக் பேசாது. வெலை சாஸ்தியான ரகமெல்லாம் வேண்டாமுங்க, சாதாரணமே போதும். பையன் கண்ணாடி போட்டிருந்தா கம்பி மெல்லிசா இருக்கோணும். அதெல்லாத்தையும்விட, வாங்கறதுக்கு முன்னால ஒருக்கா போட்டுப் பறந்து பாக்கோணுமுங்க."

ஒரு வரிகூடப் பிசகவில்லை. நான் போனில் சொன்ன அத்தனையும், சொன்ன வரிசையில். உம் கொட்டாமல் அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். 

"உங்க புள்ளைக்கு அப்படித்தான் வாங்குனீங்களா?" என்றார் அவர்.

"நான்தானுங்க பாத்துப் பாத்து வாங்கிக் குடுத்தேன்."

அம்மா என்னைப் பார்த்தார். நான் இலையைப் பார்த்தேன். ரசம் வந்துகொண்டிருந்தது.