ஓரப்படியை அறுத்த ஜீப்

ஜீப்பில் ஏறுமுன் பேச்சிராஜ் அண்ணாச்சி நான்கு டயரையும் ஒவ்வோர் உதை உதைத்துப் பார்ப்பார். பதினாறு வருடமாகப் பார்க்கிறேன். காற்று குறைந்திருந்தால் அவர் காலுக்கே தெரிந்துவிடும். பண்பொழியிலிருந்து மலைமேல் கிராம்புத் தோட்டத்து வேலைக்கு நாங்கள் ஒன்பது பெண்கள் அவரை நம்பித்தான் போனோம்.

போன சாரல் சீசனில் குற்றாலம் வந்தவர்களைக் காட்டுப் பாதையில் ஏற்றிப்போனார். எவனோ ஒருவன், "டயர் சின்னதா இருக்கே அண்ணே" என்று சொல்லிவிட்டான். மறுவாரமே தென்காசியில் போய் இடுப்புயர டயர்களை மாட்டிக்கொண்டு வந்தார். பன்றி வாய் மாதிரி முழுக்கப் பல். எனக்குப் பார்க்கவே பிடிக்கவில்லை.

பூஜை போட்டு, டயருக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்து வண்டியை நகர்த்தினார். மூன்று நசுங்கின. ஒன்று மட்டும் பற்களின் இடுக்கில் முழுசாகச் சிக்கி டயரோடு சுற்றியது.

"பழத்தையே எப்படிக் கவ்வுது பாத்தீங்களா! பாறைய விடுமா?" என்றார்.

"ஒரு பழத்த நசுக்கத் துப்பில்ல, பேச்சப் பாரு" என்றாள் எங்களோடு வேலைக்கு வரும் வள்ளித்தாய் அக்கா.

வளைவில் திருப்பும்போது முன் டயர், கால் வைத்து ஏறும் ஓரப்படியில் உரசியது. பழைய டயரையே மாட்டுவார் என்று நினைத்தேன். படியை அறுத்து எறிந்தார்.

வள்ளித்தாய் அக்காவுக்கு வலது முட்டி மடங்காது. அந்தப் படியில் கால் வைத்துத்தான் முன்சீட்டில் ஏறுவாள். புருஷன் இல்லை, தோட்டத்து வேலைதான் அவளுக்குச் சோறு.

"ஏலே பேச்சி, நான் எப்படிலே ஏறுவேன்?"

"கம்பியப் புடிச்சுத் தொங்குங்க மைனி. நாலு நாள்ல பழகிரும்."

"தொங்குததுக்கு நான் என்ன வவ்வாலா?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

இரண்டு நாள் பின்னாலிருந்து தூக்கி ஏற்றிவிட்டோம். மூன்றாம் நாள் மழை ஈரத்தில் கம்பி வழுக்கி, அக்கா சேற்றில் விழுந்தாள். முட்டியைப் பிடித்துக்கொண்டு எழ முடியாமல் கிடந்தாள். அண்ணாச்சி இறங்கி வந்தார். அவளைச் சுற்றிக்கொண்டு போய், முன் டயரை ஓர் உதை உதைத்துப் பார்த்தார்.

"போங்கட்டி, உங்களுக்கு நேரமாவுது" என்றாள் அக்கா, சேற்றில் இருந்தபடியே. போனோம். நானும்தான் போனேன்.

இப்போது வள்ளித்தாய் அக்கா வீட்டில் பீடி சுற்றுகிறாள். நாங்கள் எட்டுப் பேர் அதே ஜீப்பில் வேலைக்குப் போகிறோம். படி வைக்கவில்லை.