மரமஞ்சள் கசாயம்

யுத்த காலம். அக்காவுக்குச் சூலகப் புற்றுநோய். கண்டி ஆஸ்பத்திரியில் கீமோ ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மரமஞ்சள் அதற்குத் துணை செய்யும் என்று யாரோ சொல்ல, மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டில் அம்மா அதை அவித்துப் போத்தலில் ஊற்றித் தருவார்.

வழியில் சோதனைச் சாவடி. தமிழரான எங்கள் போத்தலில் மட்டும் விஷமோ வெடியோ இருக்குமாம்; நாங்களே குடித்துக் காட்ட வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரு வாய் குடித்தேன்.

வார்டில் இருந்த யாழ்ப்பாணத்து டொக்டரம்மாவிடம், இதைக் கொடுக்கலாமா என்று கேட்டேன்.

“செடியளில இருக்கிற சிலது கீமோவுக்கு உதவுமோ எண்டு ஆய்வுகூடத்தில பாக்கினம். ஒண்டும் நிச்சயமில்லை. மருந்தைக் கெடுத்தாலும் கெடுக்கும், குடுக்காதேங்கோ.”

அம்மாவிடம் சொன்னேன். “அவங்களா பெத்தாங்க? கொண்டு போ,” என்றார். அக்கா தொடவில்லை. குறையாமல் திரும்பி வரும் போத்தலைப் பார்த்து அம்மா என்னைத்தான் திட்டுவார்.

கடைசியாகப் போன அன்று, நான் போய்ச் சேருமுன்பே அக்கா இறந்துவிட்டாள். அம்மாவிடம் சொல்லத் தனியாகத் திரும்பினேன். சாவடியில் சிப்பாய் போத்தலைக் காட்டிக் குடிக்கச் சொன்னான். குடித்தேன். போதும் என்றான். ஆத்திரத்தில் அடிமண்டிவரை குடித்து முடித்தேன்.

லயத்து வாசலில் நின்ற அம்மா வெறும் போத்தலைத்தான் முதலில் பார்த்தார்.

“முழுசும் குடிச்சிட்டாளா?”