கைக்கு எவ்வளவு வரும்?

என் வயதைக் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள்கூட என் சம்பளத்தைக் கேட்கக் கூச்சப்பட்டதில்லை. ஆட்டோவில் ஏறி, கலெக்டர் ஆபீஸ் இருக்கும் வேங்கிக்கால் என்று சொன்னதுமே ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்து, "கவர்மெண்ட் ஆபீஸா மேடம்? இப்ப எவ்ளோ வருது?" என்பார். என் கணவரின் ஊர் கீழ்பென்னாத்தூர் பக்கம். அங்கே விசேஷத்துக்குப் போனால், பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவர் சாம்பாருக்கும் ரசத்துக்கும் நடுவில் கேட்டுவிடுவார். அகவிலைப்படி உயர்ந்த செய்தி எனக்கு முன்பே பால்காரருக்குத் தெரிந்திருக்கும். தொகையைச் சொன்னால், "அது பிடித்தம் போகவா?" என்று அடுத்த கேள்வி வரும். மழுப்பினால் அதைவிட ஜாஸ்தி என்று அவர்களே முடிவு செய்துகொள்வார்கள்.

போட்டித் தேர்வு எழுதி இளநிலை உதவியாளராகச் சேர்ந்து, பதவி உயர்வில் உதவியாளர் ஆனவள் நான். பிடித்தமெல்லாம் போக மாதம் ஐம்பதாயிரத்தை ஒட்டிக் கைக்கு வருகிறது. இதைக் குறைவு என்று சொன்னால் நிலத்தில் மல்லாட்டை விதைத்துவிட்டு மழைக்குக் காத்திருக்கும் என் கொழுந்தனார் சிரிப்பார். நிறைய என்று சொன்னால் வீட்டுக் கடனையும் பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணத்தையும் பார்த்துக்கொள்ளும் என் கணவர் சிரிப்பார். அதனால் சம்பளத்தைப் பற்றி அதிகம் யோசிக்காமல்தான் பல வருடங்கள் இருந்தேன். யோசிக்க வைத்தவள் அலுவலகத்தில் என் பக்கத்து நாற்காலிக்கு வந்த ஒரு பெண்.

அவள் அடி அண்ணாமலையிலிருந்து பஸ்ஸில் வருவாள். எம்.காம். படித்தவள், இரண்டு குழந்தைகளுக்குத் தாய். வருகிற மனுக்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது அவள் வேலை. நிரந்தரப் பணி இல்லை, தொகுப்பூதியம். மாதம் பன்னிரண்டாயிரம், அவ்வளவுதான். படி கிடையாது, வருட உயர்வு கிடையாது. ஒரு நாள் காய்ச்சலில் படுத்தால் அந்த நாளுக்கு உரியது வெட்டு. நான் விடுப்பில் போனால் என் வேலையையும் அவள்தான் பார்ப்பாள். எங்கள் இருவருக்கும் ஒரே மேசை, எதிரே நிற்கும் மக்களும் ஒரே மக்கள்.

அகவிலைப்படி உயர்ந்தால் பிரிவில் இனிப்பு வாங்குவது எங்கள் வழக்கம். அவள் வந்த பிறகு முதல் தடவை பெட்டியை நீட்டியபோது ஒரு துண்டு எடுத்துக்கொண்டு, "நல்லா இருக்குக்கா" என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடர்ந்தாள். யாருக்கு உயர்ந்ததற்கு யார் இனிப்பு சாப்பிடுகிறார்கள் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அடுத்த முறை இனிப்பு வேண்டாமே என்று மெல்லச் சொல்லிப் பார்த்தேன். அவளே என்னைத் தடுத்தாள்.

"நிறுத்திடாதீங்கக்கா. என்னாலதான் நிறுத்துனீங்கன்னு எல்லாருக்கும் தெரிஞ்சா எனக்குத்தான் சங்கடம்."

ஒரு நாள் பயிர்ச் சேத நிவாரணம் கேட்டு ஒரு விவசாயி வந்தார். அறுபது வயது இருக்கும். அவர் ஊரில் எல்லோருக்கும் பணம் வந்து, அவருக்கு மட்டும் வரவில்லை. அன்றைக்குப் பார்த்து சர்வர் வேலை செய்யவில்லை. கொஞ்சம் காத்திருங்கள் என்று அவள் சொன்னதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"மூணு தபா வந்துட்டேன். வரும்போதெல்லாம் இதத்தான் சொல்றீங்க. மாசம் பொறந்தா அம்பது, அறுவதுன்னு வாங்கறீங்க இல்ல? மழ பேஞ்சாலும் காஞ்சாலும் உங்களுக்கு வந்துடுது. நாங்க யாரக் கேக்கறது?"

அவர் சொன்னதில் எதைத் தவறு என்பது? என்னைப் பொறுத்தவரை அது உண்மைதான். ஆனால் அதை அவர் அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் எழுந்து, "ஐயா, இந்தப் பொண்ணுக்கு..." என்று ஆரம்பித்தேன். அவள் மேசைக்கு அடியில் என் புடவையைப் பிடித்து இழுத்தாள். நான் உட்கார்ந்துவிட்டேன்.

"உக்காருங்க ஐயா. லைன் வந்ததும் உங்களுதுதான் மொதல்ல பாக்கறேன்" என்றாள்.

லைன் வந்தது. அவருடைய வங்கிக் கணக்கு எண் தவறாகப் பதிவாகியிருந்தது. பாஸ்புக்கை வாங்கிப் பார்த்துத் திருத்தி, ஒப்புகைச் சீட்டைக் கையில் கொடுத்தாள். அவர் அதைச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு, "வரேம்மா" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மதியம் சாப்பிடும்போது கேட்டேன். "ஏன் சொல்லவிடல? அவர் யாரைத் திட்டறோம்னு தெரிஞ்சிக்க வேணாமா?"

டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே சொன்னாள்: "தெரிஞ்சா என்னாக்கா ஆவும்? ஐயோ பாவம்னு பாப்பாரு. அப்பறம் இதுகிட்ட சொல்லி என்னா ஆவப்போவுதுன்னு உங்ககிட்ட வந்துடுவாரு. இப்பத் திட்டனாரு, சரி. ஆனா என்னால அவரு வேல முடியும்னு நம்பித்தான திட்டனாரு."

இத்தனை வருடமாக மக்கள் என் பேச்சைக் கேட்டது என் வேலைக்காகவா, என் சம்பளத்துக்காகவா என்று அன்று மாலை வீடு போகும்வரை யோசித்துக்கொண்டிருந்தேன்.

வீட்டிலும் அவள் சம்பளத்தை மறைத்துத்தான் வைத்திருந்தாள் என்று பிறகு தெரிந்தது. கணவருக்கு உண்மை தெரியும். அவர் வேன் ஓட்டுகிறவர். பௌர்ணமிக்குக் கிரிவலப் பாதையில் டீக்கடை போடுவார். மாமியாருக்கு மட்டும் தொகையைச் சொன்னதில்லை. மருமகளுக்கு கவர்மெண்ட் வேலை என்று அவர் தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தார். அந்தப் பெருமைக்குச் செலவும் இருந்தது. ஊர்த் திருவிழா வசூலில் மற்ற வீடுகளைவிட இவர்கள் வீட்டுக்கு அதிகம் போட்டார்கள். "கவர்மெண்ட் வீடு இல்ல, கம்மியா குடுத்தா நல்லாருக்குமா" என்று மாமியாரும் ஒத்துக்கொண்டார். அந்த முறை பௌர்ணமிக் கடையில் கிடைத்தது முழுவதும் அதற்கே போனது.

போன வருடம் டவுனில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுத ஆள் கேட்டார்கள். பதினெட்டாயிரம். அவள் பல நாள் யோசித்தாள். தேர்வு எழுதி நிரந்தரமாகிவிடலாம் என்று இரண்டு முறை முயன்று, கொஞ்ச மதிப்பெண்ணில் தவறவிட்டிருந்தாள். கடைசியில் வீட்டில் பேச்சை எடுத்தபோது மாமியார், "கவர்மெண்ட் வேலைய விட்டுட்டு யாராவது கடைக்குப் போவாங்களா?" என்று ஒரேயடியாக மறுத்துவிட்டார். அப்போதுதான் அவள் தன் சம்பளத்தைச் சொன்னாள்.

மறுநாள் அதை என்னிடம் சொன்னாள். "அழுவாங்க, இல்ல திட்டுவாங்கன்னு நெனச்சேன்க்கா. ரெண்டும் இல்ல. 'இதுக்கா இத்தினி நாளா காலைல சாப்புடாமகூட ஓடினே?'ன்னு கேட்டாங்க. நீ அந்தக் கடைக்கே போன்னுட்டாங்க."

அந்த மாதக் கடைசியில் அவள் விலகினாள். எங்கள் பிரிவில் வழியனுப்பு விழா எதுவும் இல்லை. தொகுப்பூதியக்காரர்களுக்கு அப்படி ஒரு வழக்கம் கிடையாது. நானும் இன்னொருவரும் கீழே கேண்டீனுக்கு அழைத்துப்போய் டீ வாங்கிக் கொடுத்தோம். கடையில் அவளுக்கு இப்போது நன்றாகத்தான் போகிறது. பண்டிகைக் கூட்டத்தில் நாள் முழுக்க நிமிர முடியாது என்கிறாள். ஆனால் மாமியார் தினமும் டிபன் கட்டிக் கொடுத்து அனுப்புகிறாராம்.

அவள் நாற்காலிக்கு இப்போது வேறொரு பெண் வந்திருக்கிறாள். போளூர் பக்கம் ஊர், எம்.எஸ்சி. கணிதம். அதே பன்னிரண்டாயிரம். பிரிவில் செய்யும் வேலையையெல்லாம் வரிசையாக எழுதி, இந்த இடத்துக்கு ஊதியத்தை உயர்த்த வேண்டும் என்று நான் ஒரு குறிப்பு தயாரித்தேன். அதிகாரி இரண்டு முறை படித்தார்.

"நியாயந்தான்மா. ஆனா இது நம்ம கையில இல்லையே" என்றார். கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பினார்.

இன்னும் பதில் வரவில்லை. மாதம் ஒரு முறை நினைவூட்டுக் கடிதம் வைக்கிறேன்.