கூட்டுக்குடும்பமும் ஒரு குட்டி அடாப்டரும்

என் மேசை டிராயரில் தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய கறுப்பு அடாப்டர் ஒன்று கிடக்கிறது. அது எந்தச் சாமானோடு வந்ததோ அது குப்பைக்குப் போய் வருஷக்கணக்காகிறது. வீட்டைச் சுத்தம் செய்யும்போதெல்லாம் என் கணவர் இதையும் தூக்கிப் போடப் பார்ப்பார், நான் பிடுங்கி வைத்துவிடுவேன். தனக்குக் கல்யாணம் ஆனதே இதனால்தான் என்று மனிதருக்கு இன்னும் தெரியாது. இதைப் படித்தாவது தெரிந்துகொள்ளட்டும்.

இரண்டாயிரங்களின் நடுவில், கோவில்பட்டி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் என் மதினி, அதாவது அண்ணன் மனைவி, பிரவுசிங் சென்டர் நடத்தினார். கம்ப்யூட்டரில் ஓட்டைகள் போதாமல், ஒன்றை நாலாக்கும் யுஎஸ்பி ஹப் வாங்கி வைத்திருந்தார். வெப்கேம், மவுஸ், பென்டிரைவ் எல்லாம் அதில்தான் தொங்கும். அடாப்டர் செருகாவிட்டாலும் ஹப் ஓடும். பிறகு அடாப்டர் எதற்கு என்று கேட்பவர்களுக்கு மதினியிடம் ஒரே பதில்தான். “செருகலைன்னா கூட்டுக்குடும்பம். நாலும் கம்ப்யூட்டர் சம்பளத்துலதான் தின்னும். ஒரு விருந்தாளி கூட வந்தா யாருக்காவது சோறு பத்தாது. செருகிட்டா தனிக்குடித்தனம், தனி உலை.” எங்கள் வீட்டில் அத்தனை பேருக்கும் பொங்கிப்போட்டவர் சொன்னதால் அதில் கொஞ்சம் காரமும் இருக்கும்.

துபாய் மாப்பிள்ளை என்னை வெப்கேமில் பெண் பார்த்தது அந்தக் கடையில்தான். அப்போது நான் பி.எட். முடிக்கப் போகிறேன். எப்படியாவது டீச்சர் ஆகிவிட வேண்டும் என்று கிடந்தேன். வீட்டில் பேச்செடுத்தால், “அதெல்லாம் அங்கன போய்ப் பாத்துக்கலாம்” என்று வாயை அடைத்துவிடுவார்கள். அவரிடமே கேட்க வேண்டும் என்று முதல் நாள் மதினியிடம் அழுதிருந்தேன். ஆனால் அந்தச் சின்னத் தடுப்புக்குள் என் தோள்மேல் அப்பா, அம்மா, சித்தப்பா என்று மூன்று தலைகள். அவர் பக்கம் கேமரா கிடையாது, குரல் மட்டும்தான். நாங்கள்தான் காட்சிப்பொருள்.

ஏதோ பிரிண்ட் எடுக்க வேண்டும் என்று மதினி பென்டிரைவோடு வந்து மேசைக்குப் பின்னால் குனிந்தார். அதைச் செருகியதும் கேமரா விளக்கு அணைந்துவிட்டது. “படம் போயிட்டு மாமா. நான் சரி பண்ணுதேன். வேர்த்து ஊத்துது, எல்லாரும் வெளிய உக்காந்து ஒரு கலர் சோடா குடிங்க” என்று அனுப்பிவைத்தார். ஹெட்போன் நேராகக் கம்ப்யூட்டரிலேயே செருகியிருந்ததால் பேச்சு அறுபடவில்லை.

நான் கேட்டுவிட்டேன். “கல்யாணத்துக்கு அப்புறம் நான் வேலைக்குப் போகணும். உங்களுக்குச் சம்மதமா?” ஹெட்போனில் குரல் வந்தது. “தாராளமாப் போங்க. ரூம்ல எல்லாருக்கும் நான்தான் சோறு பொங்குதேன். என் சமையல் நல்லாத்தான் இருக்கும்.”

திரும்பினால், ஹப்பிலிருந்து பிடுங்கிய அடாப்டர் பின் மதினி கையில். “கேட்டுட்டியாட்டி?” என்றார். தலையாட்டினேன். “அப்பம் படம் வரட்டும்” என்று செருகினார். கேமரா விளக்கு எரிந்தது. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

அவரையே கட்டிக்கொண்டேன், அவரும் பிறகு துபாயை விட்டு ஊரோடு வந்துவிட்டார். கயத்தாறு பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் இன்றும் பாடம் நடத்துகிறேன். கடையை மூடியபோது அடாப்டரை மதினியிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

போன மாதம் மதினி மகளைப் பெண் பார்க்க சிங்கப்பூரிலிருந்து வீடியோ கால். இப்போது செல்போன் ஒன்றே போதும். ஹப்பும் இல்லை, பிடுங்கப் பின்னும் இல்லை. அவள் தோள்மேல் எங்கள் எல்லார் தலையும் இருந்தது, மதினி தலை உட்பட. பிள்ளை எதையோ கேட்க வாயெடுப்பதும் எங்களைத் திரும்பிப் பார்ப்பதுமாக இருந்தாள்.

“எல்லாரும் வெளிய வாங்க, கலர் குடிக்கலாம்” என்றேன்.

மதினி என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு முதல் ஆளாக எழுந்து, எல்லாரையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு, என் காதோரம் கேட்டார். “அந்த அடாப்டர இன்னும் வச்சிருக்கியாட்டி?”