வெண்டைப் பாத்தியில் ஒரு மூட்டைச் சாம்பல்

அன்று கொல்லையில் இருந்தவர்கள் நாலு பேர்: நான், என் மனைவி, வீட்டுக்கார அம்மா, செம்மண் கொண்டுவந்த டிராக்டர்காரர்.

மந்தாரக்குப்பத்தில் எங்களுக்கு வாடகை வீடு. பின்னால் இரண்டு கட்டில் போடுகிற அளவுக்கு இடம். கர்ப்பப்பையை எடுத்த பிறகு நாலு மாதமாக என் மனைவி பேச்சைக் குறைத்துக்கொண்டாள். கேட்டால் பதில் வரும். தானாக ஒரு வார்த்தை வராது. நான் எட்டாவதோடு நின்றவன். இதற்கு என்ன பேர், எந்த டாக்டரிடம் காட்டுவது, ஒன்றும் தெரியாது. ஷிப்டிலிருந்து போன் போடுவேன். அவள் எடுக்கத் தாமதமானால் திரும்பத் திரும்பப் போடுவேன்.

அப்படி இருந்தவள் ஒரு நாள் சோறு போட்டுக்கொண்டே, "பின்னால நாலு வெண்டை வச்சா இன்னாங்க?" என்றாள். உடனே வைக்கலாம் என்றேன். காலண்டர் தாளின் பின்பக்கம் அவளே கோடு போட்டாள்: சுவரோரம் கொத்தவரை, நடுவில் வெண்டை, குழாயடியில் கீரை. வடலூர் போய் விதை வாங்கி வந்து ஊன்றினோம்.

முளைக்காவிட்டால்? பூச்சி விழுந்தால்? மறுபடி பேச்சை நிறுத்திவிட்டால்? எனக்கு இதே யோசனை. பூச்சிக்கு அடுப்புச் சாம்பல் தூவுவார்கள். எங்கள் வீட்டிலோ கேஸ் அடுப்பு. ஆனால் நான் கான்ட்ராக்டில் வேலை பார்க்கிற அனல் மின் நிலையத்தில் சாம்பலுக்கா பஞ்சம்? லாரிக்காரர் ஒருவரிடம் கேட்டு ஒரு மூட்டை வாங்கி வந்தேன். அவள் கோயிலுக்குப் போயிருந்தாள். ஒரு பிடி தூவியிருந்தால் போதும். பயத்தில் மூட்டையையே கொட்டித் தண்ணீர் விட்டேன்.

மூன்றாம் நாள் காலை பாத்தி சிமெண்டுத் தரையாகக் கிடந்தது. அந்தச் சாம்பலில் செங்கல் போடுவதைத் தினம் பார்க்கிறவன் நான். அது கொட்டும்போது நினைவுக்கு வரவில்லை. அவளைக் கூப்பிட்டு, நான்தான் கொட்டினேன் என்று சொல்லிவிட்டேன்.

குந்தி உட்கார்ந்து விரலால் தட்டிப் பார்த்தாள். "பாத்தி போடச் சொன்னா தளம் போட்டு வச்சிருக்கீங்க. மேல ஒரு ரூம் எடுத்துடலாமா?"

"எடுத்தா வாடகைய ஏத்திடுவேன் தம்பி" என்றார், பின்வாசலில் நின்ற வீட்டுக்கார அம்மா.

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "மெதுவா சிரிமே, தையல் இழுக்கப் போவுது" என்றேன். அதற்கும் சிரித்தாள்.

கடப்பாரையால் பெயர்த்துத் தள்ளினேன். டிராக்டருக்கு அவளே போன் போட்டாள். மதியம் மண் வந்து இறங்கியது. அவள் ஒரு பிடி எடுத்து உதிர்த்துப் பார்த்தாள்.

"இன்னாண்ணே, பாதி கல்லா கெடக்குது."

"சலிச்சா பூ மாதிரி இருக்கும்மா."

"அப்ப சலிக்கிற கூலிய கழிச்சிக்கங்க."

ஆயிரத்து எண்ணூறு சொன்னவர் ஆயிரத்து ஐந்நூறுக்கு இறங்கினார். அவளிடம் எண்ணூறுதான் இருந்தது. "மீதிய எங்கிட்ட கேளுங்கண்ணே. அவர கேக்காதீங்க, பயந்துகினே கெடப்பாரு."

திரும்ப ஊன்றிய வெண்டை இப்போது நாலு இலை விட்டிருக்கிறது. காலையில் காபி ஆறுகிற வரைக்கும் ஒவ்வொரு செடியின் சங்கதியாக என்னிடம் சொல்கிறாள். பாக்கியைத் தீர்த்துவிடலாமென்று இரண்டு தரம் பணத்தை எடுத்தேன். "என் கடன், காய் வித்து நானே குடுப்பேன்" என்று கையைத் தட்டிவிட்டாள். டிராக்டர்காரருக்கு இன்னும் எழுநூறு ரூபாய் தர வேண்டும்.