மாமா தா, நீ ஸா

பெண் பார்க்க வருகிறவர்களுக்கு ஒரே கீர்த்தனையைப் பாடிப் பாடி எனக்கு அலுத்துவிட்டது. வந்தவர்கள் கேசரியைச் சாப்பிட்டுக்கொண்டே தலையாட்டுவார்கள். கைகழுவியதும், "கல்யாணத்துக்கப்பறம் இந்தப் பொட்டியெல்லாம் எதுக்கு?" என்பார்கள். பொட்டி என்றால் என் ஆர்மோனியம். அதை விட்டுவிட்டு எந்த வீட்டுக்கும் போவதில்லை என்று மனசுக்குள் முடிவு செய்திருந்தேன். வெளியே சொல்ல தைரியம் கிடையாது. ஐம்பதுகளின் ராயக்கோட்டையில் பெண்ணிடம் யாரும் முடிவைக் கேட்டதுமில்லை.

வேப்பனப்பள்ளியிலிருந்து ஒரு மாந்தோப்புக் குடும்பம் வருவதாகச் சேதி வந்தது. எங்கள் சனம்தான், ஆனால் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். மாப்பிள்ளையின் அப்பா பஜனையில் பாடுகிறவராம். இவருக்காவது என் பெட்டியின் அருமை தெரியும் என்று நம்பி, கீர்த்தனையை ஓரங்கட்டிவிட்டுச் சொந்தமாக ஒன்று கட்ட உட்கார்ந்தேன்.

இந்தோள ராகத்தை எடுத்துக்கொண்டேன். அதில் ரியும் பாவும் கிடையாது. சுரம் குறைந்தால் தப்பும் குறையும் என்று என் கணக்கு. பாட்டு எழுத வராது என்பதால் வெறும் சுரம்தான். கீழிருந்து "ஸா கா மா" என்று ஏறுவது. இந்தோளத்தில் "மா" என்கிற மத்திமம் சௌகரியமான இடம். எத்தனை நேரம் நின்றாலும் யாரும் போகச் சொல்லமாட்டார்கள். அங்கே நின்று, "மா மா தா" என்று ஒரு தாவு. அப்புறம் "நீ"யை நன்றாக இழுத்து, கேட்கிறவர்களைத் தவிக்கவிட்டு, மேல் "ஸா"வில், அதாவது ஸட்ஜத்தில், உட்கார்ந்து முடிப்பது. நிஷாதத்தில் தவித்தால்தான் ஸட்ஜம் இனிக்கும். எவ்வளவு கெட்டிக்காரி நான் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

அவர்கள் வந்தார்கள். மாப்பிள்ளை தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நான் துருத்தியை அமுக்கி ஆரம்பித்தேன். "ஸா கா மா… மா மா தா…"

மாப்பிள்ளையின் அப்பா கேசரித் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்து, என் பெட்டிக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "பொண்ணு 'மாமா தா'ன்னு கூப்புடுது, வராம எப்பிடி?" என்றார். தெலுங்கில் 'தா' என்றால் வா.

எல்லோரும் சிரித்தார்கள். நான் மட்டும் சிரிக்கவில்லை. அதுவரை சுரமாக இருந்ததெல்லாம் அவர் புண்ணியத்தில் பேச்சாகிவிட்டது. மாமாவைக் கூப்பிட்டாயிற்று, அவரும் வந்து உட்கார்ந்துவிட்டார். அடுத்தது "நீ ஸா." நல்ல காரியத்துக்கு வந்த மனிதரை எதிரே உட்காரவைத்து 'நீ சா' என்று முடிக்கப்போகிறேன். கதவோரம் நின்ற அம்மாவுக்கும் அது உறைத்துவிட்டது. அவள் முகம் வெளுத்துப்போனதைப் பார்த்தேன்.

"நீ"யிலேயே நின்றேன். துருத்தி ஏறி இறங்குகிறது, கட்டை கத்துகிறது, மேலே போக வழியில்லை. பஜனைக்காரருக்கோ ஸட்ஜம் வந்தாகவேண்டும். கழுத்தை நீட்டிக்கொண்டு காத்திருக்கிறார். ஸட்ஜத்தில் விழுந்தால் தொலைந்தேன், நின்றாலும் தொலைந்தேன். அப்போதுதான் என் பாட்டின் ஆரம்பமே நினைவுக்கு வந்தது. ஸட்ஜத்தில் உட்காராமல், மூச்சுவிடாமல், மேல் ஸ்தாயிக்கு ஏறினேன். "நீ… ஸாகாமா."

குரல் கிறீச்சிட்டது. ஆனாலும் மத்திமத்தைப் பிடித்துக்கொண்டு, அது சௌகரியமான இடமல்லவா, அங்கேயே முடித்துவிட்டேன்.

அவர் ஒரு கணம் யோசித்தார். பிறகு தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். "மாமா நீ சாகாம இருன்னு பாடுது. இந்த மாதிரி யாருங்க பாடுவா?" என்று அப்பாவிடம் சொன்னார். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

புறப்படும்போது அவர் மறுபடி உள்ளே வந்தார். ஆர்மோனியத்தை இரண்டு கையாலும் தூக்கிக் கனம் பார்த்தார். "பஸ்ஸு மேல போட்டா நனஞ்சிடும். உள்ளாரயே மடியில வெச்சி எடுத்துக்கினு போலாம்" என்று மகனிடம் சொன்னார். மாப்பிள்ளை அப்போதுதான் தலையை நிமிர்த்தி, பெட்டியைப் பார்த்து, சரி என்றார்.

பெண்ணைப் பிடித்ததா என்று அதுவரை யாரும் வாயைத் திறக்கவில்லை. நான் அதற்குள் மனசுக்குள் பஸ் ஏறிவிட்டிருந்தேன்.